பௌர்ணமிக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை

மாதம் பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது ஆதிலட்சுமி டீச்சர் ஒரு தாள் எழுதுவாள். முழுத்தாளின் நடுவே அடிக்கோல் வைத்து ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, ஆறாவது, ஏழாவது, எட்டாவது பிள்ளைகள் அந்த மாதம் என்ன படிக்கப்போகிறார்கள் என்பது இருக்கும். கோட்டுக்குக் கீழே, எந்தத் தேதியில் என்ன வருகிறது என்பது இருக்கும். எழுதி முடித்து, செங்கம் ரோட்டில் ஜெராக்ஸ் எடுத்து, அறுபத்திரண்டு பிள்ளைகளிடமும் ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பிவிடுவாள். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் மாசத்தாள்.

அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்த உதவிபெறும் நடுநிலைப்பள்ளி. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பாதையோரக் கடைதான் வீடு மாதிரி. ஆகவே மாசத்தாள் இளநீர்க் கடையின் தார்ப்பாய்க் கம்பிலும், ஜூஸ் கடையின் ஐஸ்பெட்டி மூடியிலும் செலோடேப் போட்டு ஒட்டப்பட்டிருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மாக்கள்கூட மாசத்தாளில் பௌர்ணமி எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள்.

இந்த மார்ச் மாதத் தாளில் ஆறாவதுக்குக் காந்தம். எட்டாவதுக்கு ஒலி. ஏழாவதுக்கு நிலா ஏன் வளர்கிறது, ஏன் தேய்கிறது என்கிற பாடம். கோட்டுக்குக் கீழே இப்படி எழுதியிருந்தாள்: ஐந்தாம் தேதி புதன், எட்டாவதுக்குத் தேர்வு. பதின்மூன்று வியாழன், பௌர்ணமி. பதினைந்து சனி, ஈடு வகுப்பு, காலை எட்டு மணி. இருபத்தெட்டு வெள்ளி, பெற்றோர் கூட்டம்.

நடுவில் இருந்த அந்த இரண்டு வரிகள்தான் அவளைக் கவிழ்த்தன.

ஆதிலட்சுமி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். மல்லாட்டை பிடுங்கும் வாரத்தில் அவளும் பள்ளிக்கூடம் போனதில்லை. அடுத்த திங்கட்கிழமை போய் முதல் பீரியடு முழுக்க முட்டி போட்டுக்கொண்டிருப்பாள். அப்படி விட்ட பாடங்கள் விட்டதுதான். யாரும் திரும்ப நடத்தவில்லை. பத்தாவது வரும்வரை பின்னம் அவளுக்குப் பிடிபடவே இல்லை. பிறகு எப்படியோ பிடித்துக்கொண்டு இயற்பியல் படித்தாள், பி.எட். முடித்தாள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் மணிவேலைக் கட்டிக்கொண்டு வேங்கிக்காலில் குடியேறினாள். பன்னிரண்டு வருஷமாக ஸ்கூட்டியில் மலையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பள்ளிக்கு வருகிறாள்.

வேலையில் சேர்ந்து முதல் பௌர்ணமியன்று வகுப்புக்குள் நுழைந்தவள், ஞாயிற்றுக்கிழமை தெரியாமல் வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். இருபத்தாறு பேர் இருக்கவேண்டிய இடத்தில் எட்டுப் பேர். கோபத்தோடு பாதைக்கு நடந்தாள். பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். ஒருவன் செருப்புக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். கீதாஞ்சலியின் இளநீர்க் கடையில் அவளுடைய மூத்தவன் ராஜா குலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பும்மா."

"இன்னா டீச்சர், நாள் பாத்துதான் வந்தீங்களா?" கீதாஞ்சலி கத்தியை நிறுத்தவில்லை. "மாசத்துல ஒரு நாளு. இந்த ஒரு நாள்தான் மிச்ச இருபத்தொம்போது நாளைக்கும் சோறு போடுது. அவன நீங்க இட்டுனு போனா, குலை தூக்க நீங்க வர்றீங்களா?"

பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். ஆதிலட்சுமி திரும்பி வந்து தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் அறிவுச்செல்வன் அடிப்படையில் கணக்கு வாத்தியார். எதையும் எண்ணாமல் பேசமாட்டார்.

"வருஷத்துக்குப் பன்னண்டு பௌர்ணமி. லீவுல வர்றது, சனி ஞாயித்துல வர்றது போனா ஏழோ எட்டோ. அதுக்கு எட்டு சனிக்கெழம. பாடத்த அன்னிக்கு நடத்திடு, வராதவனுக்கு வந்ததா போட்டுக்கோ. வருகை கம்மியாச்சுன்னா மேல இருந்து ஆயிரம் கேள்வி வரும், அப்பறம் ஒரு போஸ்ட்டுக்கே வேட்டு வெச்சுடுவாங்க. நீ நடத்து ஆதி, நான் பாத்துக்கறேன்."

அப்படித் தொடங்கியதுதான். பௌர்ணமியன்று காலையில் பிள்ளைகள் கடையில் இருப்பார்கள். மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி ஓடுவார்கள். சத்துணவு சமைக்கும் ரேணுகாம்பாள் அவர்களுக்கும் சேர்த்தே அரிசி போடுவாள். அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். விற்காமல் மிஞ்சிய சுண்டலை யாராவது பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார்கள். அதைத் தின்றுகொண்டே பாடம் நடக்கும். மணி அடிக்காத அந்தச் சனிக்கிழமைகளில்தான் தான் நன்றாக நடத்துவதாக ஆதிலட்சுமிக்குத் தோன்றும். அதற்காக யாரும் அவளுக்குத் தனியாக எதுவும் தரவில்லை, அவளும் கேட்கவில்லை.

முதல் சில வருஷங்கள் மாசத்தாளின் அடியில் அறிவுச்செல்வன் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். வருகைப் பதிவு கைப்பேசிக்கு மாறிய சமயத்தில் அதை நிறுத்திக்கொண்டார். "உன் எழுத்தே அச்சு மாதிரி இருக்குது. அடியில நான் எதுக்கு கிறுக்கணும்?" என்றார். தன்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று ஆதிலட்சுமி வீட்டில் போய் மணிவேலிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். வருகையைக் கைப்பேசியில் போடுவதும் அவள் பெயரில், அவள் கடவுச்சொல்லில்தான் நடந்தது.

மாசிப் பௌர்ணமி வியாழக்கிழமை பகல் பதினொன்றுக்கு மேல் பிறந்தது. காலையிலிருந்தே பாதையில் ஜனம் நடக்க ஆரம்பித்துவிட்டது. எட்டு மணிக்கு அறிவுச்செல்வன் போன் செய்தார். வயிறு சரியில்லை, இன்று லீவு என்றார். பௌர்ணமியன்று அவர் லீவு போட்டு அவள் பார்த்ததில்லை. பாவம், வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஏழாவதில் பதினொரு பேர் இருந்தார்கள். இரண்டு பேருக்கு நிஜமாகவே அம்மை. அவர்களை விட்டுவிட்டு, வழக்கம்போல இருபத்து நாலு என்று போட்டாள்.

பத்தேகாலுக்கு வட்டாரக் கல்வி அலுவலரின் ஜீப் வந்து நின்றது.

அவர் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. வகுப்புக்குள் வந்து தலைகளை எண்ணினார். கைப்பேசியைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். ஆதிலட்சுமி மறைக்க நினைக்கவே இல்லை. மேஜை டிராயரிலிருந்து மாசத்தாளை எடுத்து நீட்டினாள்.

"சனிக்கிழம ஈடு வகுப்பு இருக்குங்க சார். ஒரு பாடமும் விடறதில்ல."

"ஈடு வகுப்பு சரிம்மா. வராத பிள்ளைங்க எப்படி இன்னிக்கே வந்தாங்க?"

"பன்னண்டு வருஷமா இப்படித்தாங்க சார் நடக்குது. ஹெச்.எம். சார் சொல்லித்தான்."

அவர் உடனே தலைமையாசிரியருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். அறிவுச்செல்வனின் குரல் தெளிவாகத்தான் இருந்தது. வயிற்றுவலிக்காரர் குரல் மாதிரி இல்லை.

"அப்படிங்களா சார்? சனிக்கெழம ஏதோ ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கறாங்கன்னு தெரியும். வராத பசங்களுக்கு வந்ததா போடறாங்கன்னு நீங்க சொல்லித்தான் சார் தெரியுது."

பதினொரு பிள்ளைகளும் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். அலுவலர் மாசத்தாளை நாலாக மடித்துக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போதும் ஆதிலட்சுமி அறிவுச்செல்வனுக்காக ஒரு காரணம் தேடினாள். பயந்திருப்பார். திடீரென்று கேட்டால் யாருக்குத்தான் வாய் உளறாது. நேரில் வந்ததும் சரி பண்ணிவிடுவார். வெள்ளிக்கிழமை அவர் வந்ததும் அவளை உட்காரவைத்து டீ வரவழைத்தது அந்த நம்பிக்கையை இன்னும் பலப்படுத்தியது.

"பசங்க மேல இருந்த இரக்கத்துல நீயா செஞ்சுட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடு. தாளாளர்கிட்ட நான் பேசறேன். கண்டிச்சு விட்டுடுவாங்க. நான் பாத்துக்கறேன்."

எழுத உட்கார்ந்தாள். 'நானாகவே' என்ற வார்த்தையை எழுத வரவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கச் சமையல்கூடத்துப் பக்கம் போனாள். ரேணுகாம்பாள் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து பாவம் டீச்சர், தட்டு எடுத்துனு வந்த புள்ளைங்கள கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டேன். மனசே கேக்கல."

"ஏன், அரிசி இல்லியா?"

"அரிசி கீது. சார்தான் ஜாஸ்தி போடாதன்னுட்டாரே. புதங்கெழம சாயந்தரமே சொல்லிட்டாரு. நாளைக்கு ஆபீசர் வராரு, கிளாஸ்ல குந்தியிருக்கிற தலைக்கு மட்டும் போடு, ஒரு பிடி கூட இருக்கக்கூடாதுன்னு." ரேணுகாம்பாள் கையை நிறுத்தினாள். "உங்ககிட்ட சொல்லல?"

ஆதிலட்சுமி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஸ்கூட்டி கிளம்பாமல் மக்கர் செய்தது. அறிவுச்செல்வன் பக்கத்தில் வந்து நின்று, "சோக்க இழுத்துப் பாரு" என்றார். ஏழாவதுக்குப் பாடம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். வண்டி கிளம்பியதும் கையாட்டி அனுப்பிவைத்தார். அதற்கு முன்னாலா பின்னாலா சமையல்கூடத்துக்குப் போனார் என்பதுதான் தெரியவில்லை. எப்படியிருந்தாலும் சமைக்கிறவளிடம் சொல்ல நினைவிருந்த விஷயத்தை ஆதிலட்சுமியிடம் சொல்லவில்லை. சத்துணவுப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. அது சரியாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டார்.

"ரேணுகாம்மா, இத நீங்க ஆபீசர்கிட்ட சொல்வீங்களா?"

ரேணுகாம்பாள் ஈரக்கையோடு எழுந்தேவிட்டாள். "ஐயோ, என்ன இழுத்துடாதீங்க டீச்சர். வூட்டுக்காரரு இல்லாதவ. இந்த அண்டாவ வுட்டா எனக்கு வேற இன்னா கீது?"

பச்சை மைக் கையெழுத்து இருந்த பழைய மாசத்தாள்கள் தலைமையாசிரியர் அறை பீரோவில் ஒரு கோப்பில் இருந்தன. வருஷக்கணக்காக அவளேதான் அதில் ஒவ்வொன்றாகக் கோத்து வைத்திருந்தாள். அவர் சாப்பிடப் போன நேரத்தில் எடுத்துப் பார்த்தாள். கோப்பு இருந்தது. கையெழுத்து இல்லாத வருஷங்கள் மட்டும் வரிசையாக இருந்தன.

அன்று வீட்டில் மணிவேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "அம்மாங்க இருக்காங்க இல்ல? அவங்களுக்குத் தெரியாததா? கூட்டத்துல நாலு பேர் எழுந்து சொன்னா போதும். ஒரு தடவ கண்டிச்சு விட்டுடறது வேற, ஏமாத்துனவன்னு பேரு எடுக்கறது வேற. அந்தப் பேரு மட்டும் வர விட்டுடாத ஆதி" என்றான். அவளும் அந்தக் கூட்டத்தைத்தான் நம்பியிருந்தாள். விளக்கக் கடிதத்துக்கு மாதக் கடைசிவரை நேரம் கேட்டாள். அந்தச் சனிக்கிழமை ஈடு வகுப்பு நடக்கவில்லை. கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டார் அறிவுச்செல்வன்.

இருபத்தெட்டாம் தேதி பெற்றோர் கூட்டத்துக்கு அலுவலரே வந்திருந்தார். முப்பது அம்மாக்கள், நாலைந்து அப்பாக்கள். ஆதிலட்சுமி அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இவர்களில் ஒவ்வொருவருடைய கடையிலும் அவள் உட்கார்ந்திருக்கிறாள். கீதாஞ்சலி முன்வரிசையில் இருந்தாள். ராஜாவை எட்டாவது முடியும்வரை சனிக்கிழமைகளாலேயே கரைசேர்த்தவள் ஆதிலட்சுமி. இப்போது தங்கச்சி நந்தினி ஏழாவதில்.

அலுவலர் நேராகவே கேட்டார். "பௌர்ணமி அன்னிக்குப் பிள்ளைங்கள கடையில வெச்சுக்கறது, அதுக்குச் சனிக்கிழம வகுப்பு. இந்த ஏற்பாடு உங்களுக்குத் தெரியுமா? யார் சொல்லி நடந்தது? பயப்படாம சொல்லுங்க."

ஆதிலட்சுமி கீதாஞ்சலியைப் பார்த்தாள். கீதாஞ்சலி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளநீர்க் கறை ஏறிக் கறுத்த விரல்கள். பிறகு எழுந்தாள். ஆதிலட்சுமிக்கு மூச்சு வந்தது.

"நாங்க புள்ளைய ஸ்கூலுக்குன்னுதான் சார் அனுப்பறோம். பைய மாட்டினுதான் கெளம்புது. அதுக்கப்பறம் டீச்சர் இன்னா சொல்லி எங்க அனுப்பறாங்கன்னு கடையில குந்தினு கீற எங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"ஆமா சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அலுவலர் எழுதிக்கொண்டார். அறிவுச்செல்வன் அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்தார்.

ஜீப் போன பிறகு ஆதிலட்சுமி தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். உட்காரவில்லை.

"ஆபீசர் வர்றது புதங்கெழமயே தெரியுமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் கேக்கறேன்."

"மெசேஜ் வந்துது. இப்ப அதுக்கென்ன?"

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா பதினொண்ணுன்னே போட்டிருப்பேனே சார்."

"போட்டிருப்பே. இத்தன வருஷம் இருபத்தாறு, இன்னிக்கு மட்டும் எப்படி பதினொண்ணுன்னு பழசெல்லாம் நோண்டுவாங்க. அதுல நானும் வருவேன், ஸ்கூலும் வரும். இப்ப பாரு, ஒருத்தரோட முடிஞ்சுது."

"அந்த ஒருத்தர் நான்னு எப்ப சார் முடிவு பண்ணீங்க?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. அக்கறை மாதிரிதான் இருந்தது. "எனக்கு ரிடயராக இன்னும் பதினாலு மாசம். இப்ப ஒண்ணு ஆனா பென்ஷனே நிக்கும். உனக்கு இன்னும் இருவது வருஷம் சர்வீஸ் இருக்குது. நீ தாங்கிடுவ ஆதி."

அவர் அடித்திருந்தால்கூட அவள் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பாள். வெளியே வந்து ஸ்கூட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

கடிதத்தை மூன்று பக்கத்துக்கு எழுதினாள். வருகை போட்டது தான்தான், அது தப்புதான் என்று எழுதினாள். தலைமையாசிரியர் சொல்லி, அவருக்குத் தெரிந்தே நடந்தது என்றும் எழுதினாள். ரேணுகாம்பாள் பெயரை எழுதவில்லை. கீதாஞ்சலி பெயரையும் எழுதவில்லை. தாளாளர் படித்துவிட்டு, "இதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வருஷ ஊதிய உயர்வு நிறுத்தம், எழுத்துமூலம் கண்டனம் என்று உத்தரவு வந்தது. அதில் 'மாணவர் வருகையில் மோசடி' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். சம்பளக் குறைவைவிட அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

ஏப்ரல் மாதத்துக்கு அவள் தாள் எழுதவில்லை. பிள்ளைகள் கேட்டதற்குத் தேர்வு அட்டவணை பலகையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

பங்குனிப் பௌர்ணமி சனிக்கிழமை விடியற்காலையில் பிறந்ததால், வெள்ளிக்கிழமையே கடைகள் விரிந்துவிட்டன. ஏழாவதில் ஒன்பது பேர் வந்தார்கள். கைப்பேசியில் ஒன்பது என்று போட்டாள். இன்னும் பத்து நாளில் தேர்வு. முக்கியமான பாடம் பாக்கி இருந்தது. ஒன்பது பேருக்கும் அதை நடத்தி முடித்தாள்.

சித்திரைப் பிறப்பு விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை காலை கீதாஞ்சலி பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பெண் வரவில்லை என்று வெள்ளிக்கிழமை அவளுடைய கைப்பேசிக்குச் செய்தி போயிருந்தது.

"இன்னா டீச்சர், நந்தினிக்கு ஆப்சென்ட் போட்டுட்டீங்க?"

"வர்லீங்க. வர்லன்னு போட்டேன்."

"பழையபடி..." என்று இழுத்தாள் கீதாஞ்சலி. டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "அன்னிக்கு நான் பேசனத மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர். முந்தின நாளு சார் கடைகடையா வந்தாரு. புள்ளைய வேல வாங்கறோம்னு கேஸ் போட்டுடுவாங்க, டீச்சர் மேல சொல்லிட்டா அவங்க படிச்சவங்க, தப்பிச்சுப்பாங்கன்னாரு. நாங்க இன்னா பண்றது? நாலு புள்ளைங்கள வெச்சுனு..."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் நெனச்சேன். எந்த மூஞ்சிய வெச்சுனு வர்றது?"

"இப்ப வந்தீங்களே."

கீதாஞ்சலிக்குக் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது, ஆதிலட்சுமி அதைப் பார்த்தாள். போன மாதம் என்றால் அவளே கையைப் பிடித்திருப்பாள்.

"வர்ற சனிக்கெழமயாவது கிளாஸ் வெப்பீங்களா டீச்சர்? பரீட்ச வருதாம். வெள்ளிக்கெழம பாடம் ஒண்ணும் தெரிலன்னு அழுவுறா."

"சனிக்கிழம எனக்கு லீவுங்க."

மணி அடித்தது. ஆதிலட்சுமி வகுப்புக்குப் போனாள். இருபத்தாறு பேரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். மூன்றாவது பெஞ்சில் நந்தினி பக்கத்துப் பெண்ணின் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை எழுதியதை அவசர அவசரமாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் இரண்டு பேர், "டீச்சர், அன்னிக்கு நடத்துனத இன்னொரு வாட்டி..." என்று ஆரம்பித்தார்கள்.

ஆதிலட்சுமி சாக்பீஸை எடுத்துத் தேதியை எழுதினாள். அதற்குக் கீழே அடுத்த பாடத்தின் தலைப்பை எழுதினாள். பலகைப் பக்கமே திரும்பி நின்றபடி, அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னாள்.